பின்னணியைக் கழித்தீர்களா?

கெய்கர் எண்ணியைக் கையாளும் மாணவர், கதிரியக்கப் பொருளை வைக்குமுன், அது இல்லாமலே கருவி காட்டும் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்கிறார். அந்தப் பின்னணியைக் கழித்த பிறகே விடை எழுதுகிறார். புற்றுநோய்க்குப் புது மருந்து என்ற செய்தியைப் படிக்கும்போது மட்டும் இப்பழக்கத்தை நாம் மறந்துவிடுகிறோம்.

1976-ல் ஸ்காட்லாந்து மருத்துவர் இவான் கேமரானும், இருமுறை நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங்கும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நோய் முற்றிய 100 புற்றுநோயாளிகளுக்கு வைட்டமின் சி மிகுந்த அளவில் கொடுக்கப்பட்டது. அவர்கள் சராசரியாக 210 நாட்களுக்கு மேல் வாழ்ந்தனர். ஒப்பிடுவதற்காகப் பழைய மருத்துவமனை ஏடுகளிலிருந்து எடுக்கப்பட்ட 1,000 பேரோ 50 நாட்களே வாழ்ந்திருந்தனர். நான்கு மடங்கு!

ஆனால் நாட்களை எப்போதிலிருந்து எண்ணினார்கள்? "இனி வழக்கமான சிகிச்சையால் பயனில்லை" என்று முடிவு செய்யப்பட்ட நாளிலிருந்து. அது வெப்பமானியில் படிக்கும் அளவன்று; மருத்துவரின் தீர்மானம். கையில் புது மருந்து இருந்தால் அத்தீர்மானம் முன்கூட்டியே வரலாம். இல்லையேல் கடைசி வாரம்வரை தள்ளிப் போகலாம். தொடக்க நாள் முன்னே நகர்ந்தால், நோயாளி ஒரு நாள்கூட அதிகம் வாழாமலே கணக்கில் ஆயுள் நீண்டுவிடும். ஏட்டிலிருந்து இரவல் வாங்கிய ஒப்பீட்டுக் குழுவின் குறை இதுவே.

அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தார் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வைட்டமினும் மற்றதற்கு வெற்று மாத்திரையும் கொடுத்தனர். 123 பேரைப் பற்றிய 1979 முடிவில் வேறுபாடு இல்லை. அவர்களில் பெரும்பாலோர் முன்பே வேதிமருந்து பெற்றவர்கள் என்று பாலிங் மறுத்தார். அது பெறாத 100 பேரிடம் நடத்திய ஆய்வும் 1985-ல் அதே விடையைத் தந்தது. கேமரான் முதலில் இரத்தக்குழாய் வழியாகவும் செலுத்தினார், மேயோவில் வாய்வழி மட்டுமே என்ற மறுப்பு நியாயமானதே. ஆயினும் அது 1976 ஆய்வின் குறையைப் போக்காது.

அப்படியானால் ஒப்பீட்டுக் குழு இல்லாத தொடக்க ஆய்வுகள் எல்லாம் வீணா? இல்லை. 2001-ல் வெளியான இமாடினிப் ஆய்வில், நாட்பட்ட ஒருவகை இரத்தப் புற்றுநோய் கொண்டு, இன்டர்ஃபெரான் பலிக்காத 54 பேர் போதிய அளவு மருந்தைப் பெற்றனர். அவர்களில் 53 பேருக்கு இரத்த அணுக்களின் எண்ணிக்கை இயல்புநிலைக்குத் திரும்பியது. அந்நோயில் அது தானாகத் திரும்புவது மிக அரிது. பின்னணி ஏறக்குறைய சுழி. ஆகவே கழிக்க ஒன்றுமில்லை. ஆயுட்காலம் அப்படியன்று. மருந்தின்றியும் ஒருவர் சில நாளும் மற்றொருவர் சில ஆண்டும் வாழக்கூடும்.

எனவே இரண்டு கேள்விகள் போதும்: அளந்தது எதை? மருந்து இல்லாவிடில் அது எவ்வளவாக இருந்திருக்கும்? இரண்டாவதற்கு விடை இல்லாத செய்தியை நம்பி, நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை எவரும் கைவிட வேண்டாம்.