மூஞ்சூறு வரிசை

பங்குனி இரவில் தாராவியின் மித்தி ஆற்றோரச் சந்துகளில் சற்று நின்று பாருங்கள். சுவரை ஒட்டியே ஓடிவரும் மூஞ்சூறு. சில்லறை குலுங்குவது போன்ற கீச்சொலி முன்னே வரும். கஸ்தூரி நெடி பின்னே தங்கும். பார்வை மங்கல்தான். ஆனால் அந்த நீள மூக்கு ஒரு நொடியும் ஓயாது. சாக்கடை மூடியின் விளிம்பைத் துழாவித் துழாவிக் கரப்பானைப் பிடித்துவிடும்.

குட்டிகளோடு இடம் மாறும்போதுதான் பேரழகு. முதல் குட்டி தாயின் வாலடியைக் கவ்வ, அதைக் கவ்வி அடுத்தது, அதற்குப் பின் இன்னொன்று. தாய் வளைந்தால் வரிசையே வளைகிறது.

1766இல் லின்னேயஸ் அறிவியல் பெயர் சூட்டிய இந்தப் பிள்ளையார் வாகனம் எலி இனமே அல்ல, பூச்சியுண்ணி. வீட்டுக்குள் வந்தால் மருந்து வைக்காதீர்கள்; கதவைத் திறந்துவிடுங்கள், போய்விடும்.