மாயாவியின் கையும் அடுத்த வெளியீடும்

அட்டைப்படம் என்று பேச்செடுத்தால் மணியத்தையும் கோபுலுவையும் சொல்லித் தொடங்குவதுதான் மரியாதை. கல்கியில் மணியம் வரைந்த வந்தியத்தேவனையும், விகடன் அட்டையில் கோபுலு போட்ட ஜோக்குகளையும் நானும் கும்பிடுகிறவன்தான். அம்புலிமாமா அட்டைக்கு வட்டாதி பாபையா குழைத்த வண்ணங்களைப் பற்றி ஒரு சொல் குறைத்துப் பேச விடமாட்டேன். ஆனால் அவையெல்லாம் வீட்டில் சாய்ந்து உட்கார்ந்து ரசிக்கிற அட்டைகள். காரியாபட்டி பஸ் ஸ்டாண்டில் அருப்புக்கோட்டை வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது, பெட்டிக்கடைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்குகிறவற்றில் எது ஆளை நிறுத்துகிறது என்று கேட்டால் என் ஓட்டு சிவகாசிக்கு. முத்து காமிக்ஸுக்கும், அதற்குப் பின் வந்த லயனுக்கும்.

1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தது 'இரும்புக்கை மாயாவி'. இங்கிலாந்தில் 'வேலியன்ட்' வார இதழில் 1962-லிருந்து ஓடிய தொடர். ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் சித்திரங்கள். கதை உங்களுக்குத் தெரியும். அட்டை வரைகிறவனுக்கு அந்தக் கதை வைத்த கண்ணியைத்தான் நாம் சரியாகக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். கதாநாயகன் முகத்தை முக்கால் அட்டைக்கு வரைந்து, அவன் தோளுக்குப் பின்னால் தீ, கார், துப்பாக்கி என்று நிரப்புவதுதான் நம்மூர்ப் பழக்கம். மாயாவிக்கு மின்சாரம் பாய்ந்துவிட்டால் ஆளே மறைந்துவிடுவான், முகமே கிடையாது. இரும்பாலான வலது கை ஒன்றுதான் மிச்சம். அந்த ஒற்றைக் கையை அந்தரத்தில் விட்டு, இதுதான் உன் கதாநாயகன், காசைக் கொடு என்று ஒரு பையனிடம் சொல்ல வேண்டும்.

சொல்ல முடிந்தது. அதற்கு உழைத்தவை விரல் மூட்டுகள். மாயாவி அட்டை எது கிடைத்தாலும் நான் முதலில் பார்ப்பது அவற்றைத்தான். மூட்டுக்கு மூட்டு ஒரு கோடு. அந்தக் கோட்டை ஒட்டி, வண்ணமே படாமல் விட்ட ஒரு துளி வெள்ளை. வெள்ளை சரியான இடத்தில் விழுந்தால் இரும்பு. ஒரு நூல் தள்ளி விழுந்தால் ரப்பர் கையுறை மாட்டிய கை. மணிக்கட்டுக்குக் கீழே எதுவுமில்லை என்பதையும் காட்ட வேண்டும். ஆனால் வெட்டுப்பட்ட கை என்று பிள்ளைகள் பயந்துவிடவும் கூடாது. மங்கலாக ஒரு உடம்பையும் வரைந்து தப்பித்துக்கொண்ட அட்டைகள் உண்டு. அவற்றை நான் இரண்டாம் தரமாகத்தான் அடுக்கி வைத்திருக்கிறேன். முகம் இல்லாமலே ஆளை அடையாளம் காட்டுகிற வித்தையில் இதற்கு ஈடு என்றால் தமிழ்வாணனின் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும்தான்.

உள்ளே பெரும்பாலும் கறுப்பு வெள்ளை என்பதால் அட்டைக்குச் சுமை அதிகம். கடல் என்ன நீலம், வில்லன் கோட்டு என்ன நிறம் என்பதையெல்லாம் அட்டைதான் ஒரே தடவையில் சொல்லிவிட வேண்டும்; மற்றப் பக்கங்களுக்கு நாம் மனசுக்குள் வண்ணம் பூசிக்கொள்வோம். கௌபாய் நாயகர் டெக்ஸ் வில்லரின் மஞ்சள் சட்டை அப்படி வந்ததுதான். இத்தாலியில் 1948-லிருந்து அவர் உள்ளே கறுப்பு வெள்ளையில்தான் குதிரை ஓட்டினார். இருந்தும் சட்டை மஞ்சள் என்று உலகத்துக்கே தெரியும்.

வண்ணத்தை இப்படிக் கொட்டுகிற துணிச்சல் சிவகாசிக்கு எங்கிருந்து வந்தது? மத்தாப்புப் பெட்டியிலிருந்து. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது, லேபிளுக்கு லித்தோ வந்தது, லித்தோவைத் தொடர்ந்து காலண்டர். கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் சீடர்களும் வரைந்த லட்சுமியும் முருகனும் சிவகாசியில்தான் ஆயிரக்கணக்கில் பெருகினார்கள். லட்சுமி வெடிக் கட்டின் மேல்தாள் எத்தனை அகலம்? அந்த இடத்துக்குள் அம்மன், தாமரை, பிராண்டு பெயர் எல்லாம் அடங்கி, ஐந்து வயசுப் பிள்ளை தூரத்திலிருந்தே கைநீட்டிக் கேட்கிற மாதிரி இருக்க வேண்டும். மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று நான்கு மையை வைத்துக்கொண்டு இதில் பழகிய ஊர் காமிக்ஸ் அட்டை அடித்தால் வானம் மஞ்சளாகத்தான் இருக்கும். பளீர் என்று கண்ணைக் குத்துகிறது, நாசூக்கு இல்லை என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. நாசூக்கான அட்டை புழுதி படிந்த பஸ் ஜன்னல் வழியாகத் தெரியாதே!

1984-ல் 'கத்தி முனையில் மாடஸ்டி'யோடு லயன் வந்தது. லயன், முத்து அட்டைகளைப் பின்னாளில் வருஷக்கணக்கில் வரைந்த மாலையப்பனைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். வெளிநாட்டு அட்டையை மாதிரிக்கு வைத்துக்கொண்டு நம்மூர்த் தூரிகையால் மறுபடி எழுதுகிற வேலை. ஒரிஜினலையே போட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கிற அணி வலுவானது. அவர்கள் கையில் கிளாடியோ வில்லா இருக்கிறார். 1994-லிருந்து இத்தாலிய டெக்ஸின் அட்டைகளை வரைகிறவர். அந்தக் குதிரைகளின் கால்தசையைப் பார்த்துவிட்டு வாதாடுவது கஷ்டம்தான். ஆனாலும் வில்லாவின் டெக்ஸ் தூரத்து ஆள். மாலையப்பனின் டெக்ஸ் தாடையை லேசாகத் தூக்கி நிற்கும்போது, மதுரை தியேட்டர் வாசல் கட்-அவுட்டில் பார்த்த யாரோ ஒருவரின் சாயல் வந்து உட்கார்ந்துவிடும். அரிஸோனா பாறைகளில் மாலை வெயில் நம்ம கரிசல்காட்டுச் சிவப்பில் விழும். உடலமைப்பில் பிழை சொல்வார்கள், சொல்லட்டும். தெரிந்த ஆள் மாதிரி இருக்கிறான் என்றுதானே பையன் நின்று பார்க்கிறான்.

கடையில் தொங்கவிடுவதும் ஒரு கலை. புத்தகங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். ஒவ்வொன்றிலும் மேல் பாகம்தான் வெளியே தெரியும். இதழின் பெயரும் கதாநாயகனின் கண்ணும் அந்தப் பாகத்துக்குள் வந்தால்தான் பிழைக்கும். எங்கள் பஸ் ஸ்டாண்டில் கடை போட்டிருந்த அண்ணாச்சி காமிக்ஸை மட்டும் கீழ்க் கயிற்றில் மாட்டுவார். ஏன் என்று கேட்டதற்கு, "வாங்குறவன் உசரம் அம்புட்டுத்தானே தம்பி" என்றார். பெரிய பத்திரிகை ஆபீஸ்களின் சர்குலேஷன் மேனேஜர்கள் அவரிடம் வந்து பாடம் கேட்டிருக்கலாம்.

ஆளை நிறுத்த வேண்டும் என்பது இன்று நேற்று வந்த யோசனை இல்லை. 1906-ல் பாரதியார் 'இந்தியா'வைச் சிவப்புத் தாளில் அச்சிட்டு முகப்பிலேயே கேலிச்சித்திரம் போட்டார். ரீடர்ஸ் டைஜஸ்ட் நேர் எதிர். படத்தை ஒதுக்கிவிட்டுப் பொருளடக்கத்தையே பல பத்தாண்டுகள் முன்னட்டையில் அச்சடித்து விற்றது. அது தலைப்புகளின் மேல் வைத்த நம்பிக்கை. தலைப்பு நன்றாக இருந்தால் படம் எதற்கு?

காமிக்ஸுக்குப் பொருளடக்கம் கிடையாது. அந்த வேலையைச் செய்தது 'அடுத்த வெளியீடு' விளம்பரம். பாம்புத் தீவு. உறைபனி மர்மம். நாச அலைகள். பாதாள நகரம். இரண்டு சொல், கூட ஒரு சின்னப் படம். ஆங்கில மூலத்தின் பெயரைப் பற்றி இங்கே யாருக்கும் கவலை இல்லை. தமிழில் உச்சரித்தால் முதுகு சிலிர்க்கிறதா என்பதுதான் கணக்கு. அடுத்த மாதம் வரைக்கும் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நாங்களே பாதிக் கதை கட்டிவிடுவோம். உண்மைக் கதை வந்து சேரும்போது பல தடவை எங்கள் கதையே மேல் என்று தோன்றியிருக்கிறது. தீபாவளி மலர்களின் பொருளடக்கத்துக்கும் அப்படி ஒரு சக்தி உண்டு. யார் யார் எழுதியிருக்கிறார்கள் என்று விரலை வைத்து இறங்கிக்கொண்டே வருவதற்குள் பாதிப் பலகாரம் காலியாகியிருக்கும்.

இப்போது பத்திரிகைகளில் பொருளடக்கப் பக்கத்தைத் தேட வேண்டியிருக்கிறது. நகைக்கடை, புடவைக்கடை விளம்பரங்களைப் புரட்டித் தள்ளினால், ஆசிரியர் குழுப் பெயர்களுக்குப் பக்கத்தில் ஒடுங்கி ஒரு பட்டியல். அதிலும் பெயருக்கு எதிரே போட்டிருக்கிற பக்க எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் பல பக்கங்களில் எண்ணே அச்சாகியிருக்காது. அட்டையிலோ இந்த வாரம் பட ரிலீஸ் உள்ளவர் முகம். கழுத்தைச் சுற்றி ஏழெட்டுத் தலைப்பு, எல்லாம் ஒரே அளவில் கத்துகின்றன. எழுத்தும் கம்ப்யூட்டர் எழுத்து. முன்பு தலைப்பைத் தூரிகையால் எழுதுவார்கள்: பேய்க் கதை என்றால் எழுத்தின் வால் சொட்டும், பனிப் பிரதேசம் என்றால் தலையில் வெள்ளை உறையும். 'மர்மம்' என்ற சொல்லில் இரண்டாவது மகரத்தை மட்டும் கொஞ்சம் சாய்த்துவிட்டால் போதும், ஏதோ சரியில்லை என்று படித்தவனுக்குப் பட்டுவிடும். இன்றைக்குத் துப்பறியும் கதைக்கும் கூட்டு, பொரியல் சிறப்பிதழுக்கும் ஒரே ஃபான்ட்.

2012-க்குப் பின் லயன் புது மிடுக்கோடு திரும்பி வந்தது. உள்ளேயும் வண்ணம், ஆர்ட் பேப்பர். அச்சு அருமை. ஆனால் எல்லாப் பக்கமும் வண்ணமான பிறகு அட்டை கொஞ்சம் இளைத்துவிட்டது போல எனக்குப் படுகிறது. சொன்னால் இளைய ரசிகர்கள் சண்டைக்கு வருகிறார்கள்.

பழைய முத்து இதழ்களைத் தேடுகிற கூட்டத்தில் விலைக்கு முன்னால் கேட்கிற கேள்வி, "அட்டை இருக்கா?" என்பதுதான். பள்ளிக்கூடப் பைக்குள் கசங்கி முதலில் கிழிவதும் அதுதானே. சிலர் நல்ல பிரதியிலிருந்து கலர் ஜெராக்ஸ் எடுத்துப் பின்னடித்துத் தருகிறார்கள். ஜெராக்ஸில் மஞ்சள் மஞ்சளாக வருவதில்லை; மூட்டில் விட்ட வெள்ளையும் சாம்பலாகிவிடுகிறது. நான் அந்த ஜெராக்ஸைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மொட்டைப் புத்தகத்தை மட்டும் வாங்கிக்கொள்வேன்.