மூன்று கார்டும் ஒரு சட்டியும்

சாரலில் நனையலாம் என்று மேலகரம் போனால், மருமகனிடம் பாடம் கேட்கவேண்டி வந்தது. அக்கா மகன். இன்ஜினீயரிங் இரண்டாவது வருஷம். மச்சில் உட்கார்ந்து கிடாரைப் போட்டு வறுத்துக்கொண்டிருந்தான். “என்னலே இது?” என்றேன். “அகூஸ்டிக் பாப்-பங்க், மாமா” என்றான், புதுசாக வந்த பரோட்டா வகையைச் சொல்வது போல.

விஷயம் சுலபம்தான். பங்க் என்பது 1970-களில் நியூயார்க்கிலும் லண்டனிலும், முறையாக வாசிக்கத் தெரியாதவர்கள் தைரியமாக வாசிக்க ஆரம்பித்த இசை. மூன்று கார்டு, இரண்டு நிமிஷம், நிறையக் கோபம். ரமோன்ஸின் முதல் ஆல்பத்தில் (1976) 14 பாட்டு. அரை மணிக்குள் எல்லாம் முடிந்து வீட்டுக்குப் போய்விடலாம். அந்தக் கோபத்தில் சர்க்கரை போட்டால் பாப்-பங்க். 1994-ல் கிரீன் டே அதை விற்றுக் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டால் அகூஸ்டிக். கலிஃபோர்னியாவில் ‘திஸ் வைல்ட் லைஃப்’ என்று இரண்டு பேர். 2014-ல் ‘கிளவுடட்’ என்ற ஆல்பத்தில் இதைத்தான் செய்தார்கள். பையன் வாசித்தது அவர்களைத்தான். கேட்க இதமாக இருந்தது. யாரோ யாரையோ விட்டுப் போய்விட்ட துக்கம்.

“தமிழ்ல இந்த மாதிரி பேண்டே இல்ல மாமா.”

இருக்கிறது. சர்க்கரை கம்மி, காரம் ஜாஸ்தி. ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’.

2018 ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. 19 பேர். எல்லாரும் கோட்டு சூட்டு. பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து திரட்டிய ஜமா. கானா பாடுகிறவர்கள், ராப் பாடுகிறவர்கள், கிடார், டிரம்ஸ், பறை, சட்டி, கட்ட மோளம். பேருக்கு மூலம் அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதிபேதமற்ற’ என்ற சொல். 1907-ல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று வாரப் பத்திரிகை நடத்தியவர். காலணா விலையில் பெரிய விஷயம் பேசுவதற்கு அவரும் ஒரு வகையில் பங்க்தான்.

என் கட்சி என்னவென்றால், கானாதான் நம்ம ஊர் அகூஸ்டிக் பங்க். வடசென்னையில் சாவு வீட்டிலும் காரியத்து ராத்திரியிலும் பாடி வளர்ந்தது. கைக்குக் கிடைத்த சட்டி, தட்டு, தீப்பெட்டியில் தாளம். சங்கீதம் படித்தவர்களின் அனுமதிக்குக் காத்திருக்காதது. தேவா அதை சினிமாவுக்குள் கொண்டுவந்தபோது குத்து மட்டும் உள்ளே வந்தது, கோபம் வாசலிலேயே செருப்போடு நின்றுவிட்டது. கலெக்டிவ் செய்த காரியம், அந்தக் கோபத்தை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தது. இட ஒதுக்கீடு, மாட்டுக்கறி, குடிசை என்று பேப்பரில் படித்துவிட்டுப் புரட்டிவிடுகிற சமாசாரமெல்லாம் பல்லவி ஆனது. கிண்டல் செய்கிற இடங்களில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. அறிவு மூச்சுவிடாமல் அடுக்க, பின்னால் சட்டி சிரிக்கும். நேரே பிரசங்கத்தில் இறங்கினால் மட்டும் மெட்டு கொஞ்சம் பின்தங்கிவிடுகிறது. போஸ்டரைச் சத்தம்போட்டுப் படிக்கிற மாதிரி. இன்னொரு குறை: ஸ்டூடியோ பதிவுகளில் கிடாரும் டிரம்ஸும் முன்னால் வந்து, சட்டி எங்கோ சமையல்கட்டில் கேட்கிறது. மேடையில் அப்படி இல்லை. அங்கே அது நெஞ்சிலேயே அடிக்கிறது.

இசைவாணியின் குரல் தனி. ஆண்களே ஆண்டுகொண்டிருந்த கானாவில் ஒரு பெண் வந்து நின்றதற்காக, பிபிசி 2020-ல் உலகின் 100 பெண்கள் பட்டியலில் சேர்த்தது. அவர் பாடிய ‘ஐ ஆம் சாரி ஐயப்பா’ கோயிலுக்குள் பெண்கள் போகும் உரிமை பற்றியது. ஆறு வருஷம் கழித்து, 2024 நவம்பரில், அதைத் தோண்டியெடுத்து அவர்மேல் புகார் கொடுத்தார்கள். அந்தச் சமயம் குற்றாலத்தில் ஐயப்ப சீசன். மெயினருவியில் மாலை போட்ட கூட்டம். டீக்கடையில் அந்தப் பாட்டைப் பற்றி இரண்டு பேர் கைகலக்காத குறையாகச் சண்டை போட்டதாக அத்தான் சொன்னார். இரண்டு பேரும் பாட்டைக் கேட்டதில்லையாம்.

பேண்டுகளுக்கு ஒரு விதி உண்டு: 19 பேர் சேர்ந்து பாடினாலும் கேமரா ஒருத்தரைத்தான் பார்க்கும். டென்மா படங்களுக்கு இசையமைக்கப் போனார். 2022-ன் ‘நட்சத்திரம் நகர்கிறது’ வரை நல்ல வேலை. அறிவு 2019-ல் ‘தெருக்குரல்’ ஆல்பம், 2021 மார்ச்சில் ‘எஞ்சாயி எஞ்சாமி’. தேயிலைத் தோட்டத்தில் உழைத்தும் காணி நிலம் கிடைக்காத தன் பாட்டி வள்ளியம்மாளை நினைத்து அவர் எழுதிய பாட்டு. உலகமே கேட்டது. 2022-ல் அந்தப் பாட்டு யாருடையது என்று ஊரே விவாதித்தது. 2024-ல் சந்தோஷ் நாராயணன், அதிலிருந்து இதுவரை ஒரு வருமானமும் வரவில்லை என்றார்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது எனக்கு இந்த ஊர்க் கவிராயர் ஞாபகம் வந்தார். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் மேலகரத்துக்காரர். பாட்டைக் கேட்டு மகிழ்ந்த மதுரை நாயக்க மன்னர் அவருக்கு நிலம் எழுதிக்கொடுத்தார். ‘குறவஞ்சி மேடு’ என்று பேர். மலைவளம் சொன்னதெல்லாம் குறத்தி, நிலம் கவிராயருக்கு. கவிராயர்மேல் தப்பில்லை, அருமையான கவி. ஆனால் வள்ளியம்மாள் பேத்தி பேரன்கள் தங்கள் மலைவளத்தைத் தாங்களே பாட வந்துவிட்டார்கள் என்கிறபோது, பட்டயம் யார் பேரில் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

பையன் யூடியூபில் நாலைந்து பாட்டு கேட்டான். முகம் கொஞ்சம் மாறியது. “நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா அது அவங்க கோவம். நான் பாடினா காப்பி அடிச்ச மாதிரி இருக்காதா? எனக்கு என்ன கோவம் இருக்கு?”

“நம்ம தெருவுக்குள்ள யாரு வரலாம், யாரு வாசலோட நிக்கணும்னு நீ பாத்ததில்லையா?”

பதில் சொல்லவில்லை. கரண்ட் போய்விட்டது. இருட்டில் மறுபடி அந்த மூன்று கார்டு. இந்தத் தடவை கலிஃபோர்னியா வார்த்தைகள் இல்லை. கீழே அக்கா சமையல்கட்டில் எதையோ தேடி, “இங்க இருந்த மண்சட்டிய எவம்ல எடுத்தது?” என்று கத்தினாள்.