மூன்று வரிசைப் புல், ஒரு வரிசைப் பயறு

வெப்பநாட்டு மேய்ச்சல் நிலத்தைப் பற்றி நம் தமிழில் வெளிவந்துள்ள கையேடுகளையும் துண்டு வெளியீடுகளையும் படித்துப் பார்த்தால், அவை அனைத்தும் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருப்பதைக் காணலாம். நிலத்தை உழு, தொழுவுரம் இடு, கொழுக்கட்டைப்புல் மூன்று வரிசை, முயல் மசால் ஒரு வரிசை என்று விதை, இத்தனை நாளில் முதல் அறுவடை, ஆண்டுக்கு இத்தனை முறை அறுவடை, ஹெக்டேருக்கு இத்தனை டன். இதற்குப் பின் பாடம் முடிந்துவிடுகிறது. மாடு எப்போது உள்ளே வர வேண்டும், எப்போது வெளியேற வேண்டும், மேய்ந்தபின் எவ்வளவு புல் நிற்க வேண்டும் என்பனவற்றைத் தேடினால் ஓரிரு வரிகளுக்கு மேல் கிடைப்பது அரிது. தலைப்பில் மேய்ச்சல் நிலம் இருக்கிறது. உள்ளே இருப்பதோ அறுத்துப்போடும் தீவனப் பயிர்.

பௌதிகம் கற்பிக்கும் ஒருவனுக்கு இதில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். கணக்குப் பார்ப்பதுதான் வேலை. கையேடுகள் சொல்லும் அடிப்படை உண்மைகளில் தவறு இல்லை. புல்லோடு பயறுவகைத் தாவரத்தைக் கலந்து வளர்க்க வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் உண்டு. வெப்பநாட்டுப் புற்கள் பெரும்பாலும் கரும்பைப் போலவே ஒளிச்சேர்க்கையை நான்கு கார்பன் வழியில் நடத்துபவை. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஹாட்ச், ஸ்லாக் என்ற இருவர் 1966இல் கரும்பில் விளக்கிக் காட்டிய வழி இது. வெயிலும் சூடும் மிகுந்த இடத்தில் இவ்வகைப் புற்கள் மிக விரைவாக வளரும்; குறைந்த தழைச்சத்தைக் கொண்டு நிறைய உலர்பொருளை உண்டாக்கிவிடும். மாட்டுக்கு வரும் தொல்லையும் அங்கேதான் தொடங்குகிறது. முற்றிய புல்லில் புரதம் மிகவும் குறைந்துவிடுகிறது. தீவனத்தில் புரதம் சுமார் 7 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால், அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து போதாமல் செரிமானம் மந்தமாகிறது. மாடு உண்ணும் அளவும் குறைகிறது. முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல் நிற்க, அதன் நடுவில் மாடு இளைத்து நிற்கும் காட்சிக்கு இதுவே விளக்கம். பயறுவகைத் தாவரம் கோடையிலும் புரதத்தைத் தாங்கி நிற்பதால் அந்தக் குறையை ஈடு செய்கிறது.

இதுவரை சரி. “பயறு வகை வேர்முடிச்சுகளின் மூலம் காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைநிறுத்திப் புல்லுக்கு உரமாக அளிக்கிறது” என்ற வாக்கியத்தில்தான் கணக்கு இடறுகிறது. ஒரு டன் உலர்ந்த பயறுத் தாவரம் வளரும்போது, பொதுவாக 20 முதல் 25 கிலோ நைட்ரஜன் காற்றிலிருந்து பிடிக்கப்படுகிறது. ஒரு ஹெக்டேரில் ஓராண்டில் 4 டன் உலர்பொருள் விளைவதாகவும், அதில் ஒரு டன் பயறு என்றும் வைத்துக்கொள்வோம். 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது ஏறத்தாழ 21 கிலோ நைட்ரஜன். ஆக, ஹெக்டேருக்குக் கிடைப்பது ஒரு மூட்டை! அதுவும் புல்லின் கைக்கு உடனே வருவதில்லை. பயறின் இலையிலும் தண்டிலும்தான் அடங்கியிருக்கிறது. இலை உதிர்ந்து மக்க வேண்டும், வேரும் முடிச்சும் அழுகவேண்டும், அல்லது மாடு தின்று கழிக்கவேண்டும். அதற்குப் பிறகே புல்லுக்குப் பங்கு. முதல் ஆண்டிலேயே புல் செழிக்கும் என்று எதிர்பார்த்து விதைத்தவர் ஏமாறுவது இதனால்தான். அவருடைய உழைப்பில் குறை இல்லை.

அறுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் போட்டால் அந்த ஒரு மூட்டையும் நிலத்தைவிட்டு வெளியேறிவிடுகிறது. மேயவிட்டால் மாடு உண்ட நைட்ரஜனில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் சாணமும் கோமியமுமாகத் திரும்புகிறது. இவ்விரண்டு முறைகளுக்கும் இடையே இத்தனை பெரிய வேறுபாடு இருக்க, ஒரே அட்டவணையில் இரண்டையும் அடக்குவது எப்படி? திரும்புவது சமமாகப் பரவுவதும் இல்லை. ஒரு முறை பெய்யும் கோமியம் இரண்டு லிட்டர் என்றும், லிட்டருக்கு 5 கிராம் நைட்ரஜன் என்றும், அது நனைக்கும் பரப்பு ஒரு சதுர மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு என்றும் கொண்டால், அந்த இடத்தில் விழுவது ஹெக்டேருக்கு 300 கிலோ என்ற வீதம். அதாவது பதினான்கு மூட்டைக்கு ஈடு. அடுத்த அடியில் ஒன்றுமில்லை. வெயிலில் ஒரு பகுதி அம்மோனியாவாகப் பறந்துவிடுவது வேறு. மாடுகள் நிழலிலும் தண்ணீர்த் தொட்டியருகிலும் நின்று கழிப்பதால், நிழல் எங்கே, தொட்டி எங்கே என்பது உரம் எங்கே என்ற கேள்வியாகிவிடுகிறது. இதைப் பற்றி எந்தத் துண்டு வெளியீடு பேசுகிறது?

ரமணாசிரமம் பகுதியில் குடியிருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் கண்ணெதிரே நடக்கிறது. காலையில் மலையடிவாரத்துக்கும், நீர் வற்றிய காலத்தில் சமுத்திரம் ஏரிப் பக்கத்துக்கும் ஓட்டிச் செல்லப்படும் மாடு மாலையில் கொட்டிலுக்குத் திரும்புகிறது. இரவில் விழும் சாணம் குப்பைக் குழிக்கும், அங்கிருந்து வயலுக்கும் போகிறது. மேய்ச்சல் நிலத்திலிருந்து வயலுக்கு நாள்தோறும் சத்து இடம் பெயர்கிறது. எதிர்த்திசையில் ஒரு கூடையும் வருவதில்லை. வயலுக்கு இது வரவு. மேய்ச்சல் நிலத்துக்கு, பல தலைமுறைகளாகத் தீராத பற்று.

அந்த நிலத்தில் இன்று நிற்கும் செடிகளைப் பார்த்தாலே அதன் வரலாறு தெரியும். கொழுஞ்சி நிற்கிறது, ஆவாரை பூத்துக் குலுங்குகிறது. இரண்டுமே பயறுக் குடும்பம்தான். ஆனால் மாடு பெரும்பாலும் வாய் வைப்பதில்லை. நரிப்பயறு போன்ற சுவையான கொடிகளைத் தேடித்தான் காண வேண்டும். மலைச்சரிவில் எலுமிச்சை மணம் வீசும் புல் மண்டிக் கிடக்கிறது. முற்றினால் அதை மாடு விரும்பாது. கோடையில் தீக்கு நல்ல விறகு. மேய்ச்சலில் கலப்பு என்பது இங்கும் இருக்கிறது. மாட்டின் வாய் கழித்துப்போட்டவற்றின் கலப்பு! ஆகவே, பயறுவகை என்ற தாவரவியல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தீவனம் என்று முடிவு கட்டக் கூடாது.

இனி, அந்த மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்துக்கு வருவோம். விதைப்பு நாளன்று அது உண்மை. மூன்றாம் ஆண்டில் அந்த விகிதம் என்ன ஆகும் என்பதை விதைத்தவர் தீர்மானிப்பதில்லை. வட ஆஸ்திரேலியாவில் முயல் மசால் இனங்களை மிகப் பெரும் பரப்பில் வளர்த்துக் கண்ட அனுபவம் இது: மழைக்காலத்தில் மாடு இளம்புல்லையே நாடுகிறது; புல் முற்றிய பிறகுதான் மசாலுக்குத் திரும்புகிறது. எனவே, மாடுகளின் எண்ணிக்கை மிகுந்தால் தளிர்க்கும் காலத்திலேயே புல் திரும்பத் திரும்பக் கடிபட்டு அழிகிறது, மசால் மேலோங்குகிறது. மாடு மிகக் குறைந்தாலோ, புல் உயர்ந்து மசாலுக்கு வெயில் கிடைக்காமல் செய்துவிடுகிறது. விகிதத்தை ஆளும் திருகு மாட்டின் எண்ணிக்கையும் மேயும் காலமும்தான்.

மசாலே மேலோங்கினால் நல்லதுதானே என்று நினைக்க வேண்டாம். புல் போனால் மண்ணைப் பிடித்திருக்கும் வேர்வலை போகும். வட குவீன்ஸ்லாந்தில் மசால் மட்டுமே மிஞ்சிய நிலங்களில் மண்ணின் அமிலத்தன்மை கூடியதாகவும் கண்டிருக்கிறார்கள். நோய் வந்தால் இன்னும் மோசம். 1973இல் அங்கே ஆந்த்ரக்னோஸ் என்ற பூசண நோய் தோன்றி, அதுவரை பெரிதும் நம்பியிருந்த டவுன்ஸ்வில் மசாலைச் சில ஆண்டுகளில் பயனற்றதாக்கியது. வேறு இனங்களைத் தேடவேண்டி வந்தது. ஒரே இனத்தைப் பரிந்துரைத்து நிறுத்திக்கொள்ளும் வெளியீடுகள் இந்த நிகழ்ச்சியை ஒரு பத்தியிலாவது சொல்லியிருக்கலாம். மசால் மணிச்சத்துக் குறைந்த மண்ணிலும் வளரும் என்று பாராட்டுவதும் அரைகுறைச் செய்தி. செடி சமாளிக்கும்; அதைத் தின்னும் பசுவுக்கு மணிச்சத்துக் குறை வரும். தாது உப்புக் கலவை தரவேண்டும். மசாலுக்காக ஒன்று சொல்ல வேண்டும்: குதிரை மசாலைப் போல வயிற்று உப்புசம் உண்டாக்குவதாக அதன்மேல் புகார் இல்லை.

கையேடுகளின் பெரிய குறை வேறொன்று என்பது என் கருத்து. அவை சொல்லும் முன்மாதிரியெல்லாம் குளிர்நாட்டுப் புல்லும் கிளாவர் செடியும் கலந்த நிலத்தை ஒட்டியது. நியூசிலாந்தின் பசும்புல்வெளிப் படத்தைக்கூட அட்டையில் போட்டுவிடுகிறோம். நம் மாநிலத்திலேயே உள்ள கலப்பு மேய்ச்சல் நிலம் ஒன்று பாடத்தில் இடம் பெறுவதில்லை. காங்கயம், தாராபுரம், மூலனூர் பகுதிகளின் கொறங்காடு அது. மழை நம் திருவண்ணாமலையை விடக் குறைவு. முள்கிளுவை உயிர்வேலியால் அடைத்த காடுகள், அடியில் கொழுக்கட்டைப்புல், இடையிடையே நரிப்பயறு முதலிய சிறு பயறுகள், மேலே வெள்வேல் மரங்கள். காங்கயம் மாடுகளை உருவாக்கியது இந்த நிலம்தான்.

வெள்வேலும் பயறுக் குடும்பத்தைச் சேர்ந்த மரம் என்பதைக் கவனியுங்கள். கொறங்காட்டில் புரதத்தின் ஒரு பகுதி மாட்டின் வாய்க்கு எட்டாத உயரத்தில் வைக்கப்பட்டிருக்கிறது! மழைக்காலத்தில் மாடு அதை மேய்ந்து அழிக்க முடியாது. கீழே புல் காய்ந்து சத்திழந்த கோடையில், வேலங்காய் தானே உதிர்ந்து மாட்டுக்குக் கிடைக்கிறது. மூன்றுக்கு ஒன்று என்ற வரிசைக் கணக்கு தீர்க்காத சிக்கலை, காலத்தைப் பிரித்துக் கொடுத்துத் தீர்த்திருக்கிறார்கள். வேலி இருப்பதால் ஒரு காட்டை மேயவிட்டு மற்றொன்றுக்கு ஓய்வு கொடுக்க முடிகிறது. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை உழுது தானியமோ கொள்ளோ விதைத்துப் புல்லைப் புதுப்பிக்கும் வழக்கமும் உண்டு.

ஆனால் இதை அப்படியே திருவண்ணாமலைக்குப் பெயர்த்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. கொறங்காடு பெரும்பாலும் தனியார் நிலம், வேலியடைத்தது. இங்கே மேய்ச்சல் நடப்பது மிகுதியும் பொது நிலத்தில்; புறம்போக்கில் ஒருவர் ஓய்வு விட்டால் மற்றவர் மாடு புகுந்துவிடும். மசாலை அங்கே விதைப்பதற்கு முன் வேலிக்கும் முறைக்கும் ஊர் ஒப்புக்கொண்டாக வேண்டும். இதைச் சொல்லாமல் விதைப் பொட்டலத்தை மட்டும் வழங்கினால், முளைத்த நாற்றை முதல் மாதத்திலேயே ஆடு தீர்த்துவிடும்.

சொந்தமாக அரை ஏக்கர் ஒதுக்கக் கூடியவர்களுக்குக் கையேட்டில் சேர்க்க வேண்டிய சில செய்திகள்: மசால் விதையின் தோல் கடினமானது, 80 டிகிரி சூட்டு நீரில் நான்கைந்து நிமிடம் வைத்து எடுத்தால்தான் நன்கு முளைக்கும் (கொதிநீர் வேண்டாம், வெப்பமானி இல்லாதவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்). நிலத்தை மூன்று நான்கு பாத்திகளாகப் பிரித்து, ஒன்றில் மேயும்போது மற்றவை வளரட்டும். புல் 10 முதல் 15 சென்டிமீட்டர் நிற்கும்போதே மாட்டை வெளியேற்றவேண்டும். மறு தளிருக்கு வேண்டிய உணவு அந்த அடித்தண்டில் இருக்கிறது. ஆண்டில் ஒரு முறை மசால் பூத்து விதை உதிரும்வரை பாத்திக்கு ஒன்றாக ஓய்வு தரவேண்டும். மாடு தின்ற விதைகளில் ஒரு பகுதி சாணத்தோடு வந்தும் முளைக்கும். தண்ணீர்த் தொட்டியை ஒரே மூலையில் வைக்காமல் பாத்திதோறும் மாற்றினால், அந்தப் பதினான்கு மூட்டை யூரியா நிலம் முழுவதும் கொஞ்சமாவது பரவும்.