கிராப்பின் ஒலிநாடா: ஏங்கலும் பேணலும்

இலக்கியத்தில் கருவிகள் இடம்பெறுதல் புதிதன்று. யாழின் உறுப்புகள் ஒவ்வொன்றாக விரித்துரைக்கப் பெறுதலை நம் ஆற்றுப்படை நூல்களிற் காண்கிறோம். ஆயினும், ஒரு கருவியின் இயக்கமே கதையின் இயக்கமாக அமைந்த நூல் அரிது. சாமுவேல் பெக்கெட் 1958இல் எழுதிய ‘கிராப்பின் கடைசி ஒலிநாடா’ என்னும் ஓரங்க நாடகம் அத்தகைய அரிய நூல்களுள் ஒன்று. அதில் வரும் ஒலிநாடா நினைவின் குறியீடு என்பது திறனாய்வாளர் பலர் கூறும் கருத்து. அக்கருத்து முற்றும் பொருந்துவதன்று. நாடாவை நினைவாகக் கொள்ளாது சுவடியாகக் கொள்வோமாயின், நாடகம் வேறொரு பொருள் தரும். அப்பொருள் தமிழாய்வாளர்க்கு இன்று பெரிதும் வேண்டப்படுவது. இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

1. நாடகமும் கருவியும்

1957இன் இறுதியில் பெக்கெட்டின் உரைநடைப் பகுதிகளைப் பாட்ரிக் மகீ என்னும் நடிகர் பி.பி.சி. வானொலியில் படித்தார். அக்குரலின் தளர்வும் கரகரப்பும் ஆசிரியரின் உள்ளத்தைக் கவர்ந்தன. நாடகத்தின் முதல் வரைவிற்கு அவர் மகீயின் பெயரையே இட்டிருந்தார். 1958 அக்டோபர் 28இல் இலண்டன் ராயல் கோர்ட் அரங்கில் மகீயே கிராப்பாக நடித்தார். எனவே, இந்நாடகம் ஒரு குரலைக் கேட்டதனாற் பிறந்தது எனலாம்.

கதை மிகச் சுருங்கியது. அறுபத்தொன்பது வயதான கிராப், ஆண்டுதோறும் தன் பிறந்தநாளில் குரலைப் பதிவு செய்து வைக்கும் வழக்கமுடையவன். இவ்வாண்டும் பதிவு செய்யுமுன், தான் முப்பத்தொன்பதாம் வயதிற் பேசிய நாடாவைப் போட்டுக் கேட்கிறான். அந்நாடாவில் பேசுபவனோ, தன் இளமைக்கால நாடா ஒன்றை அப்போதுதான் கேட்டு முடித்து அதனை எள்ளி நகையாடுகிறான். இங்ஙனம் மூன்று பருவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன.

ஈண்டு ஒரு நுட்பம் கருதத்தக்கது. நாடகம் எதிர்காலத்து மாலை ஒன்றில் நிகழ்வதாக ஆசிரியர் குறித்துள்ளார். ஒலிநாடாக் கருவி 1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப் பெற்றது. பொதுமக்கள் வீடுகளில் அது பரவியது உலகப் போருக்குப் பின்னரே. 1958இல் ஒரு முதியவனிடம் முப்பதாண்டுப் பழமையான நாடா இருத்தல் இயலாது. ஆகவே, அன்று புத்தம் புதியதாய் இருந்த கருவி பழையதாகிவிட்ட காலத்தை ஆசிரியர் முன்கூட்டியே படைத்தார். அக்காலம் வந்து, கடந்தும் விட்டது.

2. கிராப் என்னும் உரையாசிரியன்

கிராப் ஒழுங்கான காப்பாளன். பெட்டிகளுக்கு எண் உண்டு. சுருள்களுக்கு எண் உண்டு. பேரேட்டில் பொருளடக்கக் குறிப்பும் உண்டு. எனினும், அக்குறிப்புகளைப் படிக்குங்கால் அவனுக்கே பொருள் விளங்கவில்லை. கறுப்புப் பந்து என்ற குறிப்பு எதனைச் சுட்டுகிறது என்று திகைக்கிறான். நாடாவில் தான் ஆண்ட அருஞ்சொல் ஒன்றிற்குப் பொருள் தெரியாமல், கருவியை நிறுத்தி, அகராதியை எடுத்து வந்து பார்க்கிறான். அது கைம்மை நிலையைக் குறிக்கும் சொல். தன் மூலத்திற்குத் தானே உரை காண வேண்டிய நிலையை அடைந்தவன் கிராப்.

நாடா வெறும் நினைவாயின் இத்திகைப்பிற்கு இடமில்லை. நினைவு காலந்தோறும் நினைப்பவனுக்கேற்பத் திரியும். நாடாவோ திரியாது நின்று, திரிந்துவிட்ட மனிதனைக் காட்டிக் கொடுக்கும். இதுவே சுவடியின் இயல்பு.

இனி, அவன் கேட்கும் முறையை நோக்குவோம். முப்பத்தொன்பதாம் வயதில் தன் வாழ்வின் பெரும்பேறாக அவன் கருதியது, புயல் வீசிய இரவில் தனக்கு வாய்த்த அறிவுத் தெளிவு. அப்பகுதி வந்ததும் முதியவன் சினந்து நாடாவை முன்னோக்கி ஓட்டிவிடுகிறான். ஓடத்தில் ஒரு பெண்ணோடு கிடந்த பொழுதைக் கூறும் பகுதியையே மீட்டும் மீட்டும் கேட்கிறான். பதிவு செய்தவன் இன்றியமையாதது என எண்ணியது வேறு. கேட்பவன் வேண்டுவது வேறு. எது வேண்டப்படும் என்பதைப் பதிவின்போதே முடிவு செய்தல் எவர்க்கும் இயலாது என்பது இதனாற் பெறப்படும்.

3. ஏடும் நாடாவும்

நாட்டார் கதைப்பாடல்களை ஆராய்வோர்க்கு இவ்வுண்மை நேரே பொருந்தும். பிரெண்டா பெக் 1965இல் கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதையை நாடாவிற் பதிவு செய்தார். அம்மூலம் நூலாக வெளிவந்தது 1992இல். இடைப்பட்ட காலத்தைத் தாங்கி நின்றது நாடா.

இக்கட்டுரையாளர் தம் முனைவர் பட்ட ஆய்விற்காக வில்லுப்பாட்டு நிகழ்ச்சிகளை ஒலிப்பேழைகளிற் பதிவு செய்தார். எழுத்துப்படி எடுத்தபோது, பக்கப்பாட்டுக்காரர் இடையிடையே கூறும் ‘ஆமா’ என்னும் ஏற்புரையைக் கூறியது கூறல் எனக் கருதி நீக்கினார். பேழைகளின் பணி முடிந்தது என்று ஒதுக்கியும் வைத்தார். கதை எவ்விடத்தில் தாழ்ந்தது, எவ்விடத்தில் எழுந்தது என்பதை அவ்வேற்புரையே காட்டும் என்று பின்னர் உணர்ந்து பேழைகளைத் தேடியபோது, நாடாவிற் பூசணம் பற்றியிருந்தது. நாடாவை ஒலித்தலையோடு பொருத்தும் சிறு கம்பளித்துண்டு பசை விட்டு உதிர்ந்திருந்தது. பாடிய புலவர் அதற்குள் மறைந்துவிட்டார். கிராப் ஓட்டிக் கடந்தது போலவே இக்கட்டுரையாளரும் கடந்தார்; கிராப்பிற்குத் திரும்பக் கேட்க நாடா இருந்தது.

ஓலையைப் படிக்கக் கண்ணும் எழுத்தறிவும் போதும். நாடாவிற்கோ கருவியும் வேண்டும். கருவி பழுதுறின் மூலமே பழுதுற்றது போலக் கேட்கும். நாடாவை இழுக்கும் ரப்பர் உருளை இறுகினால் வேகம் தடுமாறும். வேகம் நூற்றுக்கு ஆறு பங்கு குறையின் சுருதி ஏறத்தாழ அரைச்சுரம் தாழும். பண்ணை ஆராய்வார் பிழைபடுவர். ஒலித்தலை சற்றே சாயின் மேலோசைகள் மங்கி, சகரத்தின் உரசல் தேயும். கிளைமொழி ஆராய்வார் பிழைபடுவர். ஏடெழுதுவோரால் நேர்ந்த பிழைகளைப் பாடவேறுபாடென ஆராயும் நாம், கருவியால் நேரும் பிழைகளையும் அவ்வாறே ஆராய்தல் வேண்டும். ஒலித்தலையைத் துடைத்துத் தூய்மை செய்தலும், சாய்வைச் சீர் செய்தலும், உருளையை மாற்றுதலும் தொழிலாளர் வேலை என ஒதுக்கத் தக்கன அல்ல. அவை பதிப்புப் பணியின் முதற்படி.

4. ஏங்கலும் பேணலும்

பழைய சுருள் நாடாக்களையும் பேழைகளையும் விரும்பித் தொகுப்போர் இன்று மிகுந்துள்ளனர். அவர்தம் ஆர்வம் பயனற்றதன்று. கருவியைப் பழுது பார்க்கும் கைத்திறன் அவர்களாலேயே பெரிதும் எஞ்சி நிற்கிறது. ஆயினும், நாடாவின் இரைச்சலில் இன்பங் காணுதல் வேறு, அவ்விரைச்சலுக்குள் ஒலிக்கும் குரலைக் காத்தல் வேறு. முன்னது ஏங்கல், பின்னது பேணல். கிராப் முன்னதில் நின்றவன். சுருள் என்னும் சொல்லையே நாவில் உருட்டி மகிழும் அவன், புதிய பதிவைப் பாதியில் பிடுங்கி எறிந்துவிட்டுப் பழையதையே மீண்டும் பூட்டுகிறான். குரல் ஓய்ந்த பின்னும் நாடா வெறுமனே ஓட, நாடகம் முடிகிறது.

அவ்வெறும் ஓட்டம் நமக்கும் நேரக்கூடும். யுனெஸ்கோவைச் சார்ந்து 2019இல் தொடங்கப் பெற்ற காந்த நாடா எச்சரிக்கைத் திட்டம், 2025ஐ அடுத்து நாடாக்களை இயக்கும் கருவிகள் கிடைத்தல் அரிதாகும் என்னும் வல்லுநர் கணிப்பை முன்வைத்தது. சிலவகை நாடாக்களின் பூச்சுப்பசை ஈரத்தால் இளகிவிடும். இளஞ்சூட்டில் பல மணி நேரம் வாட்டினால் அவை சிறிது காலமே மீண்டும் ஓடும். அக்காலத்திற்குள் படியெடுத்தல் வேண்டும்.

5. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கிராப்பின் நாடா நினைவின் குறியீடு என்பதினும் உரை வேண்டி நிற்கும் சுவடி என்பதே பொருந்தும் என்பது விளங்கும். எழுத்துப்படி அவனது பேரேடு போன்றது, மூலம் நாடாவே. களப்பணி நாடாக்களை உடைய தமிழ்த்துறை ஒவ்வொன்றும் அவற்றைக் கணக்கெடுத்து, பதிவின் வேகம், கருவி, நாள், இடம் ஆகியவற்றைக் குறித்து, எண்ணிமப் படி எடுத்தல் வேண்டும். படியெடுத்த பின்னரும் மூல நாடாவைக் காத்தல் வேண்டும். எப்பகுதி நாளை வேண்டப்படும் என்பதை இன்று நாம் அறியோம்.