இருபுறமும் ஆடும் கை

சதுரங்கப் பலகையில் கட்டங்கள் 64, காய்கள் 32. நாடகத்திற்கோ ஒரு மேடை, சில மாந்தர்கள், ஓர் இரவு. இரண்டும் எல்லை வகுக்கப்பட்ட களங்கள். எல்லை குறுகியதாதலின் ஒவ்வோர் அசைவும் பொருள் மிகுந்ததாகிறது. வீணே நிற்கும் காய் ஆட்டத்தைக் கெடுக்கும். வீணே நுழையும் மாந்தர் காட்சியைக் கெடுப்பார். இவ்வொப்புமை பலரும் அறிந்ததே. அது எதுவரை செல்லும், எங்கே முறியும் என்பதே நாம் காணவேண்டுவது.

புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்களில் திருவிழாக் காலங்களில் விடிய விடிய நடைபெறும் ஸ்பெஷல் நாடகம் நமக்கு அண்மையிலுள்ள சான்று. நடிகர்கள் தனித்தனியே அமர்த்தப்படுகின்றனர், ஒத்திகை இல்லை. வள்ளியாக வருபவரும் நாரதராக வருபவரும் அன்றிரவுதான் சந்திப்பதும் உண்டு. ஆயினும் நாடகம் சிதறுவதில்லை. கதைப்போக்கும் பாடல்களும் மெட்டுகளும் இருவருக்கும் பொது. அவையே ஆட்ட விதிகள். அவ்விதிகளுக்குள் நடக்கும் தர்க்கத்தில் ஒருவர் வினா ஒன்றை நகர்த்துகிறார். மற்றவர் அதை மடக்கி எதிர்வினா தொடுக்கிறார்.

இம்மேடைக்கு இலக்கணம் அமைத்தவர்களுள் தலையாயவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையிடம் லய நுட்பம் பயின்றவர் அவர். அவருடைய ‘வள்ளி திருமணம்’ தன் முடிவைத் தலைப்பிலேயே சொல்லிவிடுகிறது. இருந்தும் மக்கள் விடியும்வரை அமர்ந்திருப்பது ஏன்? வள்ளி எளிதில் இணங்குபவள் அல்லள். வருவோர் எவராயினும் எதிர்நின்று கேட்பவள். முடிவு தெரிந்திருப்பதால் நாடகம் தளர்வதில்லை. எதிர்த்தரப்பு வலுவிழந்தால்தான் தளர்கிறது.

ஒப்புமை முறியும் இடமும் இதுவே. சதுரங்க வீரர் ஒருபுறம் மட்டுமே ஆடுகிறார். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் 14ஆம் ஆட்டம் சமநிலையை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. திங் லிரென் தம் 55ஆம் நகர்த்தலில் யானைக் காயைத் தவறான கட்டத்தில் வைத்தார். நம் குகேஷ் பட்டம் வென்றார். எதிராளியின் பிழை ஆட்டக்காரருக்குப் பேறு. நாடக ஆசிரியரோ இருபுறமும் ஆடுபவர். தம் வசதிக்காக எதிர்மாந்தரைத் தவறிழைக்கச் செய்தால், அவர் பெறுவது வெற்றியன்று, ஏமாற்று.

இந்த அளவுகோலை நம் பாஸ்கா நாடகங்கள்மேல் வைத்துப் பார்ப்போம். வீரமாமுனிவர் பணியாற்றிய ஆவூரின் உயிர்ப்புப் பெருவிழா நாடகம் இம்மாவட்டத்தில் புகழ்பெற்றது. தமிழகப் பங்குகள் பலவற்றிலும் இத்தகைய நாடகங்கள் உண்டு. முடிவை அறியாதவர் கூட்டத்தில் ஒருவரும் இலர். ஆகவே சுவை முழுவதும் நகர்த்தல்களில்தான் அமைய வேண்டும். ஆனால் நாம் கண்ட மேடைகள் சிலவற்றில் யூதாசு நுழையும்போதே கயவனாக நுழைகிறான். தலைமைக் குருக்கள் உறுமுகின்றனர். பிலாத்து வெறும் கோழை. கறுப்புக் காய்கள் தோற்பதற்கென்றே அடுக்கப்பட்டிருக்கின்றன.

நற்செய்தி அவ்வாறு ஆடவில்லை. மத்தேயு, யூதாசு மனம் வருந்தி 30 வெள்ளிக்காசுகளைத் திருப்பித் தந்ததைச் சொல்கிறார். பிலாத்தின் மனைவி கனவு கண்டு ஆளனுப்பியதையும் சொல்கிறார். வேறு வழி அவர்கள்முன் திறந்தே இருந்தது. காய்க்கு விருப்பம் இல்லை, மனிதருக்கு உண்டு. அதை மறைத்தால் பாவமும் இல்லை, மீட்பின் பொருளும் இல்லை.

இது கலைக்குறை மட்டுமன்று. செருமனியின் ஓபெரம்மெர்காவ் ஊரில் 1634 முதல் நடிக்கப்பட்டுவரும் பாடுகளின் நாடகம் யூத மக்களை இழிவாகக் காட்டியதற்காகக் கண்டிக்கப்பட்டு, அண்மைப் பத்தாண்டுகளில் திருத்தம் பெற்றது. இயேசுவின் சாவுக்கு யூதர் அனைவர்மீதும் பழி சுமத்தலாகாது என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கூறியிருந்தது. எதிர்த்தரப்பை நேர்மையின்றி எழுதினால், வாழும் மனிதர் துன்புறுவர்.

தவக்காலத்திற்கு முன் நாடகப்படியைத் திருத்த அமரும் அன்பர்கள் பலகையை ஒருமுறை திருப்பிவைத்து, யூதாசின் பக்கமிருந்து ஆடிப் பார்க்கட்டும். அவன் நமக்குச் சற்றே நெருங்கியவனாகத் தோன்றினால், அந்தப் படி மேடையேறத் தகுந்தது.