வேடரும் அளவுகோலும்

பவுல் சரசின், பிரிட்ஸ் சரசின் என்னும் பாசெல் நகரத்து அறிஞர் இருவர் 1892-93இல் வெளியிட்ட நூல், இலங்கை வேடரையும் அவரைச் சூழ்ந்த மக்களையும் பற்றியது. சுவிற்சர்லாந்தினராயினும் அவர்கள் எழுதியது ஜெர்மன் மொழியில். நூல் அச்சேறியது வீஸ்பாடன் நகரில். ஜெர்மானிய மக்களியலின் பெருமையும் குறையும் இதில் ஒருங்கே தென்படும்.

அக்காலத்து ஜெர்மானியரை இருவகை ஆவல் ஆட்கொண்டிருந்தது. பெர்லின் நூதனசாலையின் தந்தையாகிய பாஸ்தியான் (1826-1905), பழங்குடிகளின் பொருள்கள் மறையுமுன் அவற்றைத் திரட்டிவிட வேண்டும் என்றார். அந்நூதனசாலைக்குத் தனிக் கட்டடமும் 1886இல் திறக்கப்பட்டது. எர்ன்ஸ்ட் ஹெக்கலின் வழிவந்தோரோ, மனிதனின் ஆதி வடிவத்தை இன்றுள்ள மக்களிடையே தேடினர். சரசின் இருவரும் இப்பின்னைய நெறியினர். மண்டை ஓட்டை அளந்தனர், முகத்தை நேரிலும் பக்கத்திலும் படம் பிடித்தனர், எலும்புக்கூடுகளையும் சேர்த்தனர். வேடரின் வாய்மையை அவர்கள் புகழ்ந்ததை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும் புகழ்ந்த வாயே அவரை மனிதகுல ஏணியின் கீழ்ப்படியில் நிறுத்தியது.

இத்தகைய சேகரிப்பு ஜெர்மானியர்க்கு மட்டும் உரியதன்று. எடின்பரோ பல்கலைக்கழகம் தன்னிடமிருந்த ஒன்பது வேடர் மண்டை ஓடுகளை 2019இல்தான் வேடர் தலைவரிடம் ஒப்படைத்தது.

நமக்கு நெருங்கிய குறை வேறொன்று. தூய்மையைத் தேடுவோர்க்குக் கலப்பு என்பது மாசாகவே தோன்றும். கீழ்க்கரையில் தமிழ் பேசி, மீன்பிடித்து வாழ்ந்த வேடர் அவ்வாறே கலப்பினர் என ஒதுக்கப்பட்டனர். செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட ஆங்கில நூல் இதனினும் மேம்பட்டது. சடங்கை விரித்துரைத்தது, ஒலிப்பதிவு செய்த வேடர் பாடல்களையும் மையர்ஸ் என்பவரைக் கொண்டு ஆராய்ந்தது. எனினும் கரையோர வேடரைத் தமிழருடன் கலந்தோர் என்றே அதுவும் கொண்டது.

நாவிதன்வெளிக்கு அயலிலுள்ள மண்டூர் முருகன் கோயிலை எண்ணிப் பார்க்க. கதிர்காமத்திற்போல அங்கே கப்புகனார் வாயைத் துணியாற் கட்டி, வடமொழி மந்திரமின்றிப் பூசை செய்வர். கோயிலின் தோற்றத்தை வேடருடன் இணைக்கும் ஐதிகமும் உண்டு. வேடர் வழக்கு எங்கே முடிகிறது, தமிழர் வழிபாடு எங்கே தொடங்குகிறது என்று எவ்வளவுகோல் காட்டும்? நம் மாணவர் இதனை ஆராயப் புகின், கப்புகனார் சொல்வதையும் ஊர் முதியோர் சொல்வதையும் அவரவர் சொல்லிலேயே முதலில் எழுதிக்கொள்க. எது தூயது, எது கலந்தது என்னும் வினா பின்னர் வரட்டும்.